நம் முதல் அதிபர் எமரி அம்மையார்

நூற்றாண்டு மலருக்கு மலையகத்துப் பழைய மாணவியரும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கங்களில் இன்று வாழும் நாங்கள் ஏழு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளையில் எங்களில் ஒருவரின் வீட்டில் கூடிப் பேசினோம். விடுதி வாழ்க்கையை எழுதலாம் என்று முதலில் நினைத்தோம். அதைப் பலரும் எழுதுவார்கள். எங்களைவிட நன்றாகவும் எழுதுவார்கள். ஆகவே இராமநாதன் கல்லூரியின் முதல் அதிபராக இருந்த புளோரன்ஸ் ஃபார் எமரி அம்மையாரின் வாழ்க்கையை எழுதுவதெனத் தீர்மானித்தோம்.

ஊவாவிலிருந்து போய்ப் படித்தவர்கள் ஏன் இலண்டனிலிருந்து வந்தவரைப் பற்றி எழுதவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அவரும் எங்களைப் போல வெளியூரிலிருந்து அந்த வளவுக்குள் நுழைந்தவர். அதுவே காரணம். 1960 களில் நாங்கள் பதுளையில் கோச்சி ஏறி, பொல்காவலைச் சந்தியில் இறங்கி, தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக மேடையில் காத்திருந்து, வடக்கே போகும் வண்டியில் இடம்பிடித்துச் சுன்னாகத்தில் போய் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லை. செம்மண்ணும் பனையும் ஆழக் கிணறும் புகையிலைத் தோட்டமும்தான். எங்கள் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். முதல் தவணை முழுவதும் இரவில் மலைக்குளிரை நினைத்து அழுதவர்கள் எங்களில் உண்டு.

எங்கள் அப்பாமார் கணக்கப்பிள்ளைகள், தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்கள், பதுளைக் கடைவீதி வியாபாரிகள். லயத்திலிருந்து நேரே வந்தவர்கள் எங்கள் அணியில் இரண்டே பேர். இதையும் சொல்லி வைக்கிறோம். பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

கவிதையில் கண்ட பெயர்

படிக்கும் காலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களையும் அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையாரையும் பற்றி நிறையக் கேட்டு வளர்ந்தோம். எமரி அம்மையாரை நாங்கள் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு. எங்களில் ஒருத்தி பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்தாள். பாடத்தில் அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் எழுதிய சகல ஆன்மாக்கள் இரவு பற்றிய கவிதை இருந்தது. 1920 இல் எழுதப்பட்ட அந்தக் கவிதையில் அவர் இறந்துபோன நண்பர்கள் மூவரை நினைத்துக்கொள்கிறார். அவர்களுள் ஒருத்தி, முதுமை வந்து அழகு குறையும் முன்பே தூர தேசத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கப் போய்விட்ட புளோரன்ஸ் எமரி. அடிக்குறிப்பைப் பார்த்தபோதுதான் அந்தப் பாடசாலை யாழ்ப்பாணத்தில் இராமநாதன் தொடங்கியது என்று தெரிந்தது. மண்ணெண்ணெய் விளக்கடியில் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்ததாக அவள் சொல்வாள். தான் படித்த கல்லூரியை வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் காண்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

கணக்கெடுத்த தந்தையின் மகள்

புளோரன்ஸ் பீட்ரிஸ் ஃபார் 1860 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை வில்லியம் ஃபார் வைத்தியர். அதற்கும் மேலாக, மரணங்களைக் கணக்கெடுத்த மேதை. இங்கிலாந்தில் எவர் எந்த நோயால் எங்கே இறந்தார் என்பதை ஒழுங்காகப் பதிந்து வகைப்படுத்தும் முறையை வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். கொலரா நோயின் பரவலை எண்களால் ஆராய்ந்தவர். தாதியர் சேவையின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் அவருடைய நண்பர். மகளுக்கு அந்த அம்மையாரின் பெயரையே வைத்தார்.

பெண்பிள்ளைகளுக்கு உயர்கல்வி என்பது இங்கிலாந்திலும் அப்போது புதுமைதான். புளோரன்ஸ் செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியிலும், 1848 இல் தொடங்கப்பட்ட இலண்டன் குயின்ஸ் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கற்பதற்கென்றே ஒரு வளவு, அதற்கென்று ஆசிரியர்கள், நூலகம் என்றிருந்தால் ஒரு பெண்ணின் எண்ணம் எவ்வளவு விரியும் என்பதைத் தம் இளமையிலேயே கண்டவர் அவர். கல்லூரியை விட்ட பின் சிறிது காலம் ஆசிரியத் தொழிலைச் செய்து பார்த்தார். அது சரிவரவில்லை. நாடக மேடைக்குப் போனார். விட்ட தொழிலுக்கு முப்பது ஆண்டுகளின் பின் கடல் கடந்து திரும்பி வருவார் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

தேயிலைப் பணத்தில் நடந்த நாடகம்

1884 இல் எட்வர்ட் எமரி என்ற நடிகரை மணந்தார். நான்கு ஆண்டுகளில் கணவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1895 இல் விவாகரத்து முடிந்தது. கணவர் போன பின்பும் எமரி என்ற பெயர் அம்மையாருடன் தங்கிவிட்டது. அவருடைய குடும்பப் பெயரின் முதல் ஒலிக்கு நம் நெடுங்கணக்கில் தனி எழுத்தில்லை. எமரி என்ற பெயரில் அந்தச் சிக்கல் இல்லாததால் நாமும் அப்படியே அழைக்கிறோம்.

1890 கள் அவருடைய மேடைக் காலம். நோர்வே நாடகாசிரியர் இப்சனின் ரொஸ்மர்ஸ்ஹோம் 1891 இல் முதன்முதலாக ஆங்கிலத்தில் மேடையேறியபோது கதாநாயகியாக நடித்தவர் அவரே. மறு ஆண்டு பேர்னாட் ஷோவின் முதல் நாடகம் அரங்கேறியபோதும் அவர் முக்கிய பாத்திரமேற்றார். ஷோவும் யேட்ஸும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். இருவரும் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் ஒரு நூலாகவே வெளிவந்தன.

மலையகத்தவராகிய எங்களை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி ஒன்று இங்கே வருகிறது. 1894 இல் இலண்டன் அவெனியூ அரங்கில் அம்மையார் தம் பொறுப்பில் ஒரு நாடகப் பருவத்தை நடத்தினார். யேட்ஸின் நாடகம் ஒன்று முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். ஷோவுக்கு மேடையில் பெயர் பெற்றுக்கொடுத்த நாடகமும் அங்கேதான் அரங்கேறியது. செலவைக் கொடுத்தவர் முகம் காட்டாமல் கொடுத்தார். அவர் ஆனி ஹோர்ணிமன் என்ற பெண்மணி; இங்கிலாந்தில் தேயிலையைப் பொதிசெய்து விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த ஹோர்ணிமன் குடும்பத்தின் பேத்தி. நம் ஊவாவைப் பொறுத்தவரை, தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புகையிரதப் பாதை பண்டாரவளையை எட்டியதும் அதே 1894 இல்தான். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்களுக்கு இலண்டன் மேடையைத் தெரியாது. மேடையில் நின்ற பெண்ணுக்கும் அவர்களைத் தெரியாது. தேயிலை வியாபாரம் என்ற ஒரே நூல் இரு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது.

சொல்லின் இசை

எமரி அம்மையாருக்கு மேடையைவிடவும் நிலைத்த புகழைத் தந்தது அவருடைய குரல். கவிதையைப் பாட்டாக மாற்றாமலும் உரைநடைபோல வாசிக்காமலும், சொல்லின் இயல்பான ஏற்ற இறக்கத்தையே இசையாகக் கொண்டு ஓதிக்காட்டும் ஒரு முறையை அவரும் யேட்ஸும் சேர்ந்து வளர்த்தார்கள். அதற்கென்றே பழைய வாத்தியங்களைச் செய்பவரான ஆர்னல்ட் டொல்மெட்ச் 1901 இல் நம் யாழைப் போன்ற ஒரு நரம்பு வாத்தியத்தைச் செய்துகொடுத்தார். அதை மடியில் வைத்து மீட்டியபடி அம்மையார் சபைகளில் கவிதை சொன்னார். 1907 இல் அமெரிக்காவிலும் இவ்வாறு சுற்றுப்பயணம் செய்தார். 1909 இல் சொல்லின் இசை பற்றியும், மறு ஆண்டு இக்காலப் பெண்களின் நிலை பற்றியும் நூல்கள் எழுதினார்.

தேவாரத்தைச் சொல் சிதையாமல் பண்ணோடு ஓதும் ஓதுவார்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையல்ல. அவருக்கோ பல ஆண்டு உழைப்பில் கிடைத்த ஒன்று. அப்படிப்பட்டவர், விடியற்காலையில் மாணவியர் கூடித் தேவாரம் ஓதும் மண்ணுக்கே வந்து சேர்ந்தார் என்பதை நினைக்கும்போது எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது.

சமயத் தேடலும் அவருக்கு இருந்தது. இலண்டனின் மறைஞானச் சங்கம் ஒன்றில் தலைமைப் பொறுப்பு வகித்தார். எகிப்திய மாந்திரீகம் பற்றி எழுதினார். பிரம்மஞான சபையிலும் சேர்ந்தார். இலண்டனுக்கு வந்திருந்த பொன்னம்பலம் இராமநாதனைச் சந்தித்தது இந்தத் தேடலின் வழியில்தான். அப்போதே இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி அமைக்கும் எண்ணத்துடன் இருந்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு புறப்பாடு

1912 இல் கல்லூரி உருவாகி வரும் செய்தி கேட்டதும் அம்மையார் தம் உடைமைகளை விற்றார். ஷோவும் யேட்ஸும் எழுதிய கடிதங்களை ஒரு கறுப்புப் பெட்டியில் இட்டு, தாம் இறந்த பின்பே திறக்கவேண்டும் என்று கிளிபட் பக்ஸ் என்ற இளம் எழுத்தாளரிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு செப்டெம்பரில் கப்பலேறினார். வயது ஐம்பத்திரண்டு.

பெட்டியைப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறவரல்லர் என்று எங்களில் மூத்தவர் சொன்னார். அந்த அக்காவுக்கு அது தெரியும். 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதன்படி அவருடைய தங்கை குடும்பம் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியபோது வழியனுப்பப் போனவர் அவர். ஊரே அழுது வழியனுப்பியதால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். எங்கள் வகுப்பிலிருந்தும் இருவர் அப்படிப் போனார்கள். இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலை மலையிலேயே இருக்கிறார்கள். இந்த மலர் அவர்களுக்கும் போய்ச் சேரும். எமரி அம்மையார் அந்நிய நாட்டைத் தாமாகத் தேடிக்கொண்டார். எங்கள் மக்களை 1948 இல் ஒரு சட்டம் பிறந்த இடத்திலேயே அந்நியராக்கியது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் ஊர்விட்டு ஊர் வந்து உயிர்பிடித்து நிற்பது எப்படி என்பதை இரு பக்கமும் அறிந்திருந்தன.

யாழ்ப்பாணத்து நாட்கள்

1913 இல் கல்லூரி தொடங்கியது. நிருவாகப் பொறுப்பை இராமநாதன் எமரி அம்மையாரிடம் ஒப்படைத்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் ஆங்கிலம் கற்கவேண்டுமானால் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளுக்கே போகவேண்டியிருந்தது. அருகிலிருந்த உடுவில் மகளிர் பாடசாலை 1824 முதலே இயங்கி வந்தது. அங்கே வந்த வெள்ளைக்கார ஆசிரியைகள் தங்கள் திருச்சபை அனுப்பி வந்தவர்கள். எமரி அம்மையாரை எந்தச் சபையும் அனுப்பவில்லை. தமிழர் ஒருவர் கட்டிய சைவக் கல்லூரியில், அந்தத் தமிழரின் கீழ்ப் பணியாற்ற, அந்தச் சமயத்தை மதித்து வந்தார். 1913 ஆம் ஆண்டின் இலங்கையில் இது சாதாரண காரியமன்று.

இலண்டனிலிருந்து வந்தவருக்கு அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை அறிய அங்கு வாழ்ந்த நமக்கு ஏடுகள் வேண்டியதில்லை. மார்கழியில் வாடைக் காற்றுடன் மழை. வைகாசியிலிருந்து பனையோலைகளைச் சலசலக்க வைக்கும் சோளகம். இடையில் உடலை உருக்கும் வெயில். குளிக்கவும் குடிக்கவும் கிணற்று நீர். மின்சாரமில்லாத காலம், இருட்டினால் மண்ணெண்ணெய் விளக்கு. 1905 முதல் கொழும்புக்குப் புகையிரதம் இருந்தபடியால் ஒரு நாளில் தலைநகர் போகலாம். ஆனால் இலண்டனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் ஏறக்குறைய மூன்று வாரம் போகும். பதில் வர இன்னும் மூன்று வாரம். 1914 இல் உலகப் போர் மூண்ட பின் கடல்வழியே ஆபத்தாயிற்று. 1915 கலவரத்தையடுத்து நாட்டில் இராணுவச் சட்டம் வந்தது. இராமநாதன் நீதி கேட்டு இலண்டனுக்குப் போய் 1916 இல் திரும்பினார். இத்தனைக்கும் நடுவே கல்லூரி நடந்தது, வளர்ந்தது.

அம்மையார் அங்கே முழுத் தனிமையில் இருக்கவில்லை. லீலாவதி அம்மையாரும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவரே. ஆனால் எமரி அம்மையார் தமக்கு முன் இருந்த பெரிய வேலையாகக் கண்டது தமிழைக் கற்பதை. தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி யேட்ஸுக்கு அனுப்பி வைத்தார். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் தமிழ் மாணவியும் ஆனார்.

இந்த இடத்தில்தான் எங்கள் உரையாடல் சூடுபிடித்தது. தோட்டத்துத் துரைமாரும் தமிழ் கற்றவர்களே. அவர்களுக்கென்று தமிழ்க் கைநூல்கள் 19 ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகின. அவற்றுள் ஒன்றின் பெயரே இங்கே வா என்பது. பெயரைப் பார்த்தாலே போதும், உள்ளே என்ன இருக்கும் என்று எங்கள் பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். பிரட்டுக்களத்தில் நின்று வேலை ஏவவும், கொழுந்தின் நிறை குறைந்தால் அதட்டவும் அந்தத் தமிழ் போதுமாயிருந்தது. கற்றவர் தமிழ் பேசினார், தமிழரோடு பேசவில்லை. எமரி அம்மையாரோ பாட்டைப் படிப்பதற்காகத் தமிழ் கற்றார். ஒரே மொழியைக் கற்பதில் இப்படி இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆங்கிலம் கற்பிப்பதிலும் அதே இரண்டு வழிகள் உண்டு என்பதே எங்கள் அனுபவம்.

இதோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் கல்லூரி அன்று விடுதிக் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. அதே காலத்தில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யவேண்டும் என்றது. பத்து வயதோடு படிப்பு முடிந்தது. கூடை தலைக்கு வந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924 இல். எமரி அம்மையாரின் கல்லூரிக்கும் எங்கள் பாட்டிமாரின் லயத்துக்கும் இடையே இருந்த தூரம் மைல் கணக்கில் அளக்கக்கூடியதன்று. அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் குடும்பங்களுக்கு இரண்டு தலைமுறை பிடித்தது.

இறுதி நாட்கள்

1916 இல் அம்மையாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. டிசெம்பரில் இடது மார்பகத்தை அகற்றினார்கள். அந்த நிலையிலும் அவர் யேட்ஸுக்கு எழுதிய கடிதம் சிரித்துக்கொண்டே எழுதியது. கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றை மார்பகப் போர்ப்பெண்களுள் தாமும் ஒருத்தி ஆகிவிட்டதாகவும், முப்பது தையல்களும் சேர்ந்து மார்பில் ஒரு பன்னத்தின் இலைபோலக் கோலம் போட்டிருப்பதாகவும் அதில் தெரிவித்திருந்தார். எங்கள் மலைப்பாதைகளின் ஈரச்சரிவெங்கும் பன்னம்தான் முளைத்துக் கிடக்கும். அந்த வரியைப் படித்த பின் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

நோய் பரவியிருந்தது. 1917 ஏப்ரில் 29 ஆம் திகதி கொழும்பில் மருத்துவமனையில் காலமானார். வயது ஐம்பத்தாறு. அவருடைய விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டது. இராமநாதன் சாம்பலைக் களனி ஆற்றில் கரைத்தார். களனி மலைநாட்டில் பிறக்கும் ஆறு. சிவனொளிபாதமலைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் விழும் மழையே அதில் ஓடுகிறது. உயிரோடிருந்தபோது எங்கள் மலைகளோடு தொடர்பில்லாதவர், கடைசியில் மலைநீரோடு கடலுக்குப் போனார்.

எங்கள் கணக்கு

அம்மையாரைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்பட்டவற்றில் நடிகை, கவிஞரின் தோழி, மறைஞானி என்ற பகுதிகளே பெரியவை. நம்மோடு வாழ்ந்த நாலரை ஆண்டுகள் கடைசியில் சில பக்கங்களில் முடிந்துவிடும், எல்லாம் இழந்தவர் போய் ஒதுங்கிய இடம்போல. யேட்ஸின் கவிதையிலும் கல்லூரிக்குப் பெயரில்லை. அவரிடம் படித்த பிள்ளைகளைத் தோலின் நிறத்தால் மட்டுமே கவிஞர் சுட்டுகிறார். அவர்கள் நடுவே அம்மையாருக்குத் துணையென்று எவருமில்லை என்றும் எண்ணிக்கொள்கிறார். பெரிய கவிஞர், நண்பரை இழந்த துயரத்தில் எழுதியவர். அவரோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் நாம். அவர்களுக்குப் பெயர் இருந்தது. தம் நண்பர் அந்தப் பெயர்களை நாள்தோறும் இடாப்பில் கூப்பிட்டிருப்பார் என்பது கவிஞருக்குத் தோன்றாமற் போயிற்று.

தோட்டத்தில் பேர் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் விழும் அந்தப் பேர்தான் சம்பளம். பாடசாலை இடாப்பில் விழும் பேர் அப்படியன்று. அதில் அரைப்பேர் கிடையாது. எங்கள் அணியில் லயத்திலிருந்து வந்த இருவரில் ஒருத்திதான் பசறையில் ஆங்கிலம் கற்பித்தவள். முதல் நாள் வகுப்பில் அவள் பலகையில் எழுதியது லயம், பிரட்டு, செக்ரோல், பெக்டரி, டிவிசன் என்ற சொற்களை. இவையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்றும், லைன் என்பதுதான் நம் வாயில் லயமாயிற்று, பரேட் என்பதுதான் பிரட்டாயிற்று என்றும் சொன்னபோது பிள்ளைகள் வாய்பிளந்தார்களாம். பயந்துகொண்டிருந்த மொழி பாதி தங்கள் வீட்டிலேயே இருந்தது என்று கண்டுகொண்டார்கள். அந்த வகுப்பிலிருந்து இன்று ஊவாவில் நாலு பேர் ஆங்கில ஆசிரியைகள்.

உலகெங்கும் பரந்து வாழும் தோழியரே, உங்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் அந்நிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறீர்கள். புதிய ஊரின் குளிரையும், உங்கள் பெயரைச் சொல்லத் தெரியாத வாய்களையும், கடிதத்துக்காகக் காத்திருந்த முதல் ஆண்டையும் நீங்கள் அறிவீர்கள். நம் முதல் அதிபரும் அதே பாதையில் எதிர்த்திசையில் வந்தவர். அவரை இனிமேல் நிறுவுநர் தினத்தில் பெயர் சொல்லி நினைக்கவேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் இதுதான். விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் ஒரு மாதத்தை ஊவாவுக்குத் தாருங்கள். இங்கே ஆங்கில ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. தங்க இடமும் சோறும் எங்கள் பொறுப்பு. நடிப்போ யாழோ தெரிந்திருக்கத் தேவையில்லை. வந்த முதல் நாள் இடாப்பை எடுத்து, அந்தப் பிள்ளைகளின் பெயர்களைச் சரியாகக் கூப்பிடப் பழகிக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் அதன் பிறகு வரும்.